வெறும் வயிற்றில் வரவும்

ஜூலை 12, புதன்

செல்வி ஒரு நோட்டு கொடுத்திருக்கா. செல்விங்கறது மதுரை ஆஸ்பத்திரியில ஈரல் ஆபரேஷனுக்கு வர்ற குடும்பங்களுக்குத் தேதி குறிச்சு, போன் போட்டு விரட்டி வேலை வாங்குற பொண்ணு. தினமும் என்ன தின்னேன், எவ்வளவு நடந்தேன்னு அதுல எழுதணுமாம். எழுதிட்டேன்: இட்லி ரெண்டு, சட்னி ஒரு கரண்டி. அதோட நிறுத்த எனக்குக் கை வரலை. அதான் மக மதுமிதாவோட பழைய நோட்டுல மிச்சம் கிடந்த தாளை எடுத்துக்கிட்டேன். அது செல்விக்கு, இது எனக்கு. ஒருத்தருக்கும் காட்டப் போறதில்லை.

விஷயம் இதுதான். என் தம்பி கொம்பையாவுக்கு ஈரல் போச்சு. வயசு முப்பத்தெட்டு. கோவில்பட்டியில லேத் பட்டறை வச்சிருக்கான். ஒரு சொட்டு குடிச்சவன் இல்லை, ஆனா தெருவுல ஒரு பயலும் நம்ப மாட்டேங்கறான். சுகரும் கொழுப்பும் சேர்ந்து பல வருசமா உள்ளுக்குள்ள ஈரலை இறுக வச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மாத்து ஈரல் வைக்கணும். அவன் ரத்தம் ஓ. அவன் பொண்டாட்டி பேச்சிக்கு பி. எனக்கு ஓ. அவ்வளவுதான், முடிஞ்சுது பேச்சு. "அக்கா ஈரல்ல பாதிக்கு மேல எடுத்து தம்பிக்கு வைக்கலாம், மிச்சம் தானா வளந்துரும்"னாரு டாக்டர். எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாக. நானும் சரின்னுட்டேன்.

இன்னிக்கு எனக்கு ஸ்கேன். இவுக, மதுமிதா அப்பா, ஒர்க் ஷாப்புல லீவு போட்டுட்டுக் கூட வந்தாக. இது சும்மா படம் எடுக்கற ஸ்கேன் இல்லையாம். ஈரல்ல கொழுப்பு எத்தனை சதவீதம், இரும்பு எவ்வளவு, விறைப்பு எவ்வளவுன்னு நம்பராவே சொல்லிருமாம். ரோஸ்லின்னு ஒரு பொண்ணு என்னைப் படுக்க வச்சு, வலது விலாவுல ஒரு வட்டத் தட்டை வச்சு பெல்ட்டால கட்டினா. உள்ள தள்ளினதும் அது டுர்ர்ர்னு அதிருது, அடி வயிறு வரைக்கும் கூசுது. "மூச்சை வெளிய விடுங்கம்மா, அப்படியே நிறுத்துங்க"ன்னு மைக்குல சொல்றா. இழுத்துப் பிடின்னா பிடிச்சிருவேன். வெளிய விட்டுட்டு சும்மா கிடன்னா உசிரு தொண்டைக்கு வருது.

"வெறும் வயிறுதானே?"ன்னு மூணு தடவை கேட்டா. ஏன் இப்படிக் கேக்கறேன்னேன். "சாப்பிட்டா ஈரலுக்கு ரத்தம் நிறையப் பாயும். விறைப்பு நம்பர் ஏறிடும். நல்ல ஈரலே சீக்கு ஈரலாத் தெரியும்மா"ன்னா. கெட்டிக்காரி.

ஜூலை 14, வெள்ளி

கொழுப்பு 15.8. பத்துக்குக் கீழ வந்தாத்தான் வெட்டுவாகளாம். விறைப்பு 2.4, அது மூணுக்குக் கீழ இருக்கறதால நல்லதாம். இரும்பும் சரி. எட்டு வாரம் டைம். எண்ணெய், சீனி, மைதா எல்லாத்துக்கும் டாட்டா. தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும்.

"ஈரலும் பல்லி வால் மாதிரிதான் போலுக்கே, வெட்ட வெட்ட வளருது"ன்னு இவுக பஸ்ஸுல சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரலை. "நீங்க என்ன நினைக்கறீக?"ன்னு கேட்டேன். "உன் இஷ்டம்"னாக. உன் இஷ்டம்னா என்ன அர்த்தம்? போகாதேன்னு சொல்லத் துப்பில்லை, போன்னு சொல்ல மனசில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஜூலை 17, திங்கள்

சத்துணவு அமைப்பாளருக்குப் பத்தியம் போடணும்னு எவனுக்குத் தோணுச்சோ. காலையில ஒம்போது மணியில இருந்து அண்டா முன்னாடி நிக்கறவ நான். நூத்தி முப்பத்திரெண்டு பிள்ளைகளுக்குத் தக்காளி சாதம், நூத்தி முப்பத்திரெண்டு முட்டை. பிள்ளைகளுக்குப் போடறதுக்கு முந்தி நான் ருசி பார்த்தாகணும், அது விதி. சமையல் கனியம்மாள் வழக்கம்போல ஒரு கரண்டி நிறைய நீட்டினா. "கால் கரண்டி"ன்னேன். "ருசி பார்க்கக் கால் கரண்டியா? சாமிக்குப் படைக்கறீகளா டீச்சர்?"னு கேக்கறா.

செல்வி நோட்டுல ருசி பார்த்ததை எதுல சேர்க்கறதுன்னு தெரியலை. சேர்க்கலை.

ஜூலை 29, சனி

கிரவுண்டைச் சுத்தி பன்னெண்டு ரவுண்டு. கணுக்கால் வீங்கிக் கிடக்கு. எதிர் வீட்டு ராசாத்தி கூடவே வந்தா, நடக்கறதுக்கு இல்லை, பேசறதுக்கு. "தம்பிக்கு ஈரலையே அறுத்துக் கொடுக்கப் போறீக. நீங்க மனுசியா, தெய்வம்"ங்கறா. இந்தத் தெருவுல இப்ப எனக்கு இதே பேருதான். தெய்வம்னு சொல்லிட்டாக, இனிமே மனுசியா ஒரு வார்த்தை பேச முடியுமா? "முட்டி வலிக்குது"ன்னு சொன்னாக் கூட ஏதோ குறைஞ்சு போயிட்ட மாதிரிப் பார்க்கறாக.

எடை 71-ல இருந்து 68.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேத்தினாக. மிட்டாய் கொடுத்தாக. வாங்கிப் பையில போட்டுட்டேன். திங்கலை.

ஆகஸ்ட் 16, புதன்

மிட்டாய் இல்லை. மதுமிதா எடுக்கலைங்கறா. சரி, நான்தான்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கொம்பையா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை அவன் வயித்துல இருந்து அஞ்சு லிட்டர் தண்ணி எடுத்திருக்காக. கை காலெல்லாம் குச்சியா இருக்கு, வயிறு மட்டும் எட்டு மாசம். கண்ணு ரெண்டும் மஞ்சக் கிழங்கு. என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்தான். "படுடா, பெரிய மரியாதைக்காரன்"னு ஒரு அதட்டு அதட்டினேன். இல்லாட்டா அழுதிருப்பேன்.

பேச்சி தெருக் காளியம்மனுக்கு விரதம் இருக்கா. ஒரு வேளைச் சாப்பாடு, காலுக்குச் செருப்பு கிடையாது. நான் ரெண்டாவது ஸ்கேனுக்குப் போற அன்னிக்கு விரதம் முடியுதாம், அப்படிக் கணக்குப் பண்ணி ஆரம்பிச்சிருக்கா. "மைனி, உங்க ஈரல் பூ மாதிரி ஆயிரும் பாருங்க. நான் அம்மன்கிட்டச் சொல்லிட்டேன்"னா. என் தட்டுல அவளே சோறு வச்சா. வச்ச சோத்தைத் திருப்பி ஒரு கை எடுத்துட்டா. பத்தியமாம். என் தட்டைப் பார்க்காத ஆளே இந்தக் குடும்பத்துல இல்லை.

வீட்டுக்கு வந்தா மதுமிதா கேக்கறா: "அம்மா, ஆபரேஷன்ல கொடுக்கறவங்களும் சில சமயம் செத்துப் போவாங்களாமே?" பன்னெண்டாம் வகுப்புப் படிக்கற பிள்ளை, போனைத் தட்டினா எல்லாம் தெரிஞ்சுருது. "ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு. போய்ப் படி"ன்னேன். அவ போனப்புறம் நானும் தட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 8, வெள்ளி

எடை 64. பாவாடை நாடா ரெண்டு சுத்து சுத்துது. ஸ்கேன் எடுக்காமலே தெரியுது, நம்பர் இறங்கியிருக்கும். செல்வி போன்ல சொன்னா: "திங்கக்கிழமை பத்து மணிக்கு ஸ்கேன்மா. ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது." சீட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கு, வெறும் வயிற்றில் வரவும்னு. சரின்னேன்.

இவுகளுக்கு லீவு இல்லை. பேச்சி கூட வாரேங்கறா.

சந்தோசமா இருக்கணும். நாலு நாளாத் தூக்கம் சரியில்லை. வெக்கை.

செப்டம்பர் 11, திங்கள்

ஸ்கேன் முடிஞ்சுது. காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் பேச்சி ஈரத் தலையோட வந்தா. நேரா கோயில்ல இருந்து வாரா. விரதம் முடிச்ச பிரசாதம், சர்க்கரைப் பொங்கல், தொன்னையில. "முத வாய் உங்களுக்குத்தான் மைனி. அதுக்கப்புறம்தான் நானே வாயில வைப்பேன்"னு ஊட்ட வந்துட்டா. சாமி பிரசாதத்தை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஒரு வாய் வாங்கிக்கிட்டேன்.

ரோஸ்லின் கேட்டா. வெறும் வயிறுன்னு சொல்லிட்டேன். ஒரு வாய்தானே.

வந்து ஒரு வாளித் துணி துவைச்சேன். தலைவலி.

செப்டம்பர் 13, புதன்

இன்னிக்கு ரிசல்ட். இவுகளும் நானும் டாக்டர் ரூமுக்குள்ள, பேச்சி கொம்பையாவுக்கு ரத்தம் எடுக்கற இடத்துல.

கொழுப்பு 7.2. "சபாஷ்"னாரு டாக்டர். இவுக என் தோளைத் தட்டினாக. அப்புறம் டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினாரு. கம்ப்யூட்டர்ல கலர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. போன தடவை நீலமா இருந்த ஈரல்ல இப்ப அங்கங்க பச்சை, மஞ்சள். விறைப்பு 3.2.

"கொழுப்பு பாதியாக் குறைஞ்சிருக்கு. விறைப்பு கூடியிருக்கு. பொருந்தலையே"ன்னாரு. "ஸ்கேனுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை டாக்டர்."

"காபி, டீ?"

"இல்லை."

பேனாவை மேசையில தட்டிக்கிட்டே இருந்தாரு. உங்க தம்பிக்கு வந்த மாதிரி உங்களுக்கும் உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருக்கலாம், ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்னாரு. இருபத்தேழாம் தேதி எடுக்கலாமாம். அதுவரைக்கும் ஆபரேஷன் பேச்சு இல்லை.

வெளிய வந்தோம். ரெண்டு மாசத்துல முத தடவையா நல்ல பசி. ஓட்டல்ல இலைச் சாப்பாடு. பாயசம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

நல்லாத் தூங்கினேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கொம்பையா சொல்லி அனுப்பியிருந்தான். போனேன். பேச்சியை டீ போட அடுப்படிக்கு அனுப்பிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டான். கை சுடுது.

"அக்கா, இப்பத்தான் எனக்கு நிம்மதி. உன்னை வெட்டிப் போட்டு நான் பிழைக்கணுமான்னு தினமும் நினைப்பேன். வாயைத் திறந்தா பேச்சி அழுவா. அதான் பேசாம இருந்தேன்."

"சும்மா கிட."

"அதில்லக்கா. உனக்கும் விறைப்பு வந்திருக்குன்னு அத்தான் சொன்னாக. விளையாட்டா இருந்துராத. எனக்கும் முதல்ல அப்படித்தான் ஒண்ணும் தெரியலை. உனக்கு ஒரு பொட்டப் பிள்ளை இருக்கு. நல்ல டாக்டராப் பாரு. பரோட்டா பக்கமே போயிராத."

என் ஈரலைப் பத்தி அவன் கவலைப்படறான். அவன்! டீயை வாயில வைக்க முடியலை. வேலை கிடக்குன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வேலை ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை.

செப்டம்பர் 20, புதன்

சென்டர்ல முட்டை பத்து உடைஞ்சு வந்திருக்கு. எழுதி வச்சேன்.

சாயங்காலம் கோயில் பக்கமா வந்தா, பேச்சி மண்சோறு திங்கறா. வெறுந்தரையில சோத்தைக் கொட்டி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, குனிஞ்சு வாயால எடுக்கறா. மூக்கெல்லாம் சோறு. எனக்குப் பதறிப் போச்சு. இழுத்து உக்கார வச்சு முகத்தைத் துடைச்சு விட்டேன்.

"என்னட்டி கூத்து இது?"

"என் விரதத்துலதான் குறை மைனி. நாப்பத்தொரு நாளும் செருப்புப் போடாமத்தான் நடந்தேன். ஒரே ஒரு நாள் ரேஷன் கடைக்கு வெயில் தாங்காமப் போட்டுட்டேன். அவ பார்த்துட்டா. அதான் உங்க ஈரலை இறுக்கிட்டா."

"அதெல்லாம் இல்லை."

"பின்ன எதுனால? நீங்கதான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அம்புட்டுப் பாடுபட்டீகளே. குறை என்கிட்டதான்."

அவ தலையில ஒட்டியிருந்த பருக்கையை மட்டும் எடுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 21, வியாழன்

கொம்பையாவுக்கு நினைவு தப்பிருச்சு. காலையில பல்லு விளக்கற பிரஷ்ஷை லேத் மிஷின்ல மாட்டணும்னு தேடியிருக்கான். என்னை அம்மாங்கறான். அம்மா போய் ஒம்போது வருசம் ஆச்சு. ஆம்புலன்ஸுல மதுரைக்குக் கொண்டு போனோம். ரத்தத்துல விஷம் ஏறி மூளைக்குப் போகுதாம், வயித்துத் தண்ணியிலயும் கிருமியாம். ஐசியூவுல போட்டிருக்காக.

"இதைச் சரி பண்ணிடலாம். ஆனா இது மறுபடியும் வரும். இனிமே மாசக் கணக்கு இல்லை"ன்னாரு டாக்டர். பேச்சி அவரு காலுல விழுந்துட்டா. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

மேல ஒரு வாய்னு எழுதியிருக்கேன். பொய். எனக்குன்னு வச்சிருக்கற நோட்டுலயே பொய்.

தொன்னை முழுசும் தின்னேன். பேச்சி ஒரு வாய்தான் ஊட்டினா. "கொடு, நானே திங்கறேன்"னு வாங்கிக்கிட்டது நான். நெய் முழங்கைக்கு ஒழுகுச்சு, அதையும் நக்கினேன். சாத்தூர்ல பஸ் பத்து நிமிசம் நின்னுச்சு. பேச்சி தூங்கிட்டு இருந்தா. இறங்கி ரெண்டு உளுந்த வடை, சீனி தூக்கலா ஒரு காபி. ரோஸ்லின் சொன்னது ஒவ்வொரு கடிக்கும் ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இருந்ததாலதான் தின்னேன். பசியில தின்னேன்னு எழுதினா அதுவும் பொய்.

எனக்குப் பயம். அவ்வளவுதான். மயக்க மருந்து கொடுத்து, வயித்தை இங்க இருந்து அங்க வரைக்கும் கீறி, முழிக்காமப் போயிட்டா மதுமிதாவுக்கு யாரு? கோழைச் சிறுக்கின்னு என்னை நானே எத்தனை தடவை திட்டிட்டேன், பயம் போகலை. ஒருத்தராவது "வடிவு, உனக்குப் பயமா இருக்கா?"ன்னு கேட்டாகளா? கேக்கலை. கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்.

பதினோரு மணிக்குச் செல்விக்குப் போன் போட்டேன். "ஸ்கேன் அன்னிக்குச் சாப்பிட்டுட்டேன்மா"ன்னேன். "என்ன சாப்பிட்டீங்க?"ன்னா.

"கோயில் பிரசாதம். தம்பி பொண்டாட்டி ஊட்டினா. தட்ட முடியலை."

வடையைச் சொல்லலை.

"ஐயோ அம்மா, அன்னிக்கே சொல்லியிருந்தா மறுநாளே எடுத்திருக்கலாமே. பத்து நாள் போச்சே"ன்னா. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கா.

செப்டம்பர் 25, திங்கள்

இவுக கூட வந்தாக. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு சப்பாத்தி, அதோட சரி. ரோஸ்லின் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. இவுகளைப் பார்த்து, "சார், வெறும் வயிறா?"ன்னு கேட்டா. எனக்கு இது வேணும்தான்.

கொழுப்பு 6.8. விறைப்பு 2.4. படம் பூராவும் நீலம். ஊசி வேண்டாம், ஈரல் அருமையா இருக்குன்னுட்டாரு டாக்டர். இனி ஒரு நம்பரும் என்னைக் காப்பாத்தாது.

கொம்பையாவுக்குக் கிருமி அடங்கிட்டு வருதாம். பேர் சொல்லிக் கூப்பிட்டா முழிக்கறான்.

செப்டம்பர் 26, செவ்வாய்

விஷயம் சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல எங்க சித்தப்பா பேச்சியைப் பிடிச்சு ஏறு ஏறுன்னு ஏறிட்டாரு. "புத்தி இருக்கா உனக்கு? ஸ்கேனுக்குப் போறவ வாயில எவளாவது பொங்கலைத் திணிப்பாளா? உன் பக்தியில தீயை வைக்க! அவன் ஐசியூவுல கிடக்கான்னா உன்னாலதான்." போற வர்ற நர்ஸெல்லாம் நின்னு பார்க்கறாக. பேச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா மாமா, என் தப்புதான்"ங்கறா. நான் பக்கத்துலதான் நிக்கறேன், கையில பிளாஸ்க்கோட.

அவ முகம் கழுவப் போனா. பின்னாடியே போனேன்.

"பேச்சி, அது..."

"தெரியும் மைனி." குழாயை மூடலை. "சாத்தூர்ல நான் தூங்கலை. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அழுதுக்கிட்டே தின்னீக. மூக்கைச் சிந்திச் சிந்தித் தின்னீக. பசிக்கு யாரும் இப்படி அழுவாகளான்னு அன்னிக்கு எனக்கு விளங்கலை. திங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுல்ல. செல்வி சொன்னப்புறம்தான் விளங்குச்சு."

"அப்பச் சித்தப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களைத் திட்டுவாரு. நீங்க ரோசக்காரி. போங்கடான்னு ஊருக்குப் பஸ் ஏறிருவீக. எனக்கு என் புருசன் வேணும் மைனி. அதுக்கு எத்தனை திட்டு வேணாலும் வாங்கிக்கிருவேன்."

அழுகை இல்லை, கோவம் இல்லை. சாமான் கழுவற மாதிரி முகத்தைக் கழுவினா. பிறகு சேலைத் தலைப்பால துடைச்சுக்கிட்டே, "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"ன்னா.

"சொன்னா நீ விட்டிருப்பியாட்டி?"

குழாயை மூடினா. "விட்டிருக்க மாட்டேன்"னா. அந்த நேரத்துலயும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சப்புறம்தான் நான் அழுதேன்.

வராந்தாவுக்கு வந்து சித்தப்பாகிட்டச் சொல்லிட்டேன். "பேச்சியைத் திட்டாதீக. அவ ஊட்டினது ஒரு வாய். மிச்சத்தைத் தின்னது நான். வடையும் தின்னேன், காபியும் குடிச்சேன். கெடட்டும்னு தெரிஞ்சேதான் தின்னேன்."

அவரு என் தலையில கையை வச்சாரு. "பார்த்தியா, அவளைக் காப்பாத்தப் பழியைத் தன் மேல போட்டுக்கிடுறா. தெய்வம்ல எங்க வடிவு"ன்னு பக்கத்துல இருந்தவருகிட்டச் சொல்றாரு. இந்தக் கொடுமையை யாருகிட்டச் சொல்லி அழ?

இவுக மட்டும் நான் சொன்னதை நம்பினாக. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது, "உன் இஷ்டம்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கும் பயம்தான் வடிவு"ன்னாக.

செப்டம்பர் 29, வெள்ளி

கொம்பையா நேத்து ஐசியூவுல இருந்து வார்டுக்கு வந்துட்டான். ஆபரேஷன் திங்கக்கிழமைன்னு குறிச்சிருக்காக. அதுக்கு முந்தி கொடுக்கறவளைத் தனியாக் கூப்பிட்டுப் பேசணும்னு ஒரு சட்டமாம். ஒரு ரூம். ஒரு மேசை, வயசான லேடி டாக்டர், ஈரல் டாக்டர் இல்லை, மனசு டாக்டர். கதவைச் சாத்தச் சொன்னாங்க. பேச்சி எட்டிப் பார்த்தா, அவளை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க.

"சண்முகவடிவு, இங்க உங்க வீட்டாளுங்க யாரும் இல்லை. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. இஷ்டம் இல்லைன்னா சொல்லுங்க. உடம்பு தோது இல்லைன்னு நாங்களே எழுதிடுவோம். உங்க தம்பிக்குக் கூட வேற காரணம் தெரியாது."

வாயைப் பொளந்துட்டேன். நான் திருட்டுத்தனமா வடை தின்னு தேடின வழியை, இங்க கதவைத் திறந்து வச்சுக் கொடுக்கறாங்க.

"நான் இல்லைன்னா அவனுக்கு?"

"மூளைச்சாவு வந்தவங்க ஈரலுக்குக் காத்திருக்கணும். அவருக்கு நேரம் கம்மி. மறைக்க மாட்டேன். ஆனா அது உங்க குற்றம் ஆகாது."

எவ்வளவு நேரம் உக்கார்ந்திருந்தேன்னு தெரியலை. அவங்க அவசரப்படுத்தலை, மணி பார்க்கலை. தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. நான் யோசிச்சது தம்பியைப் பத்தி இல்லை, மதுமிதாவைப் பத்தியும் இல்லை. மூணு மாசமா எல்லாரும் என் தட்டைப் பார்த்தாக, எடையைப் பார்த்தாக, மிஷினுக்குள்ள தள்ளி உள்ளயும் பார்த்தாக. என்னைப் பார்த்து ஒருத்தர் கேக்கறது இன்னிக்குத்தான். கேட்டதும் கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது. அசிங்கமா, சத்தமா அழுதேன்.

அழுது முடிச்சதும், "பயமா இருக்கா?"ன்னாங்க.

"இருக்கு. ரொம்ப. செத்துருவேனோன்னு இருக்கு."

எழுதினாங்க. "அப்ப வேண்டாம்னு போட்டுடவா?"

"வேண்டாம்னு நான் சொல்லலையே. பயமா இருக்குன்னுதானே சொன்னேன்."

பேனா நின்னுச்சு. கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தாங்க.

"கொடுக்கறேன் டாக்டர். அதையும் எழுதிக்கங்க. பயத்தை அடிச்சிராதீங்க, அது இருக்கட்டும். ரெண்டும் நான் சொன்னதுதான்."

அடிக்காம, கீழேயே எழுதினாங்க. தாளைத் திருப்பி என் பக்கம் வச்சாங்க. படிச்சுப் பார்த்தேன். சரியா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.